பாம்புக் கண் கிண்ணம்

விருத்தாசலத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ரயில் மாறுவதற்காகப் போகிறவர்கள். சேலத்திலிருந்து வரும் பாதையும் கடலூரிலிருந்து வரும் பாதையும் விழுப்புரம்–திருச்சிப் பாதையை அங்கேதான் சந்திக்கின்றன. பிளாட்பாரத்தில் ஒரு காப்பி, கையில் ஒரு பொட்டலம் முந்திரிப் பருப்பு. அத்துடன் அவர்களுக்கு ஊர் முடிந்துவிடும். கொஞ்சம் பக்தி உள்ளவர்கள் பழமலைநாதரைத் தரிசித்துவிட்டு வருவார்கள். சுந்தரமூர்த்தி நாயனார் இந்த ஊரில் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொண்டார் என்பது புராணம். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிறாயே' என்று பரிகாசம் செய்கிறோமே, அந்தப் பேச்சுக்குப் பின்னால் நிற்பது இந்த ஊர்தான்.

இவை தவிர விருத்தாசலத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அது மண்ணாலான முகம். பக்கத்தில் நெய்வேலி. 1956-ல் அங்கே நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. பழுப்பு நிலக்கரிக்காகப் பூமியைத் தோண்டினால், கரிக்கு மேலே வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. கறுப்பைத் தேடிப் போனவர்களுக்கு வெள்ளை தட்டுப்பட்டது ஒரு வேடிக்கைதான். அந்த வட்டாரத்து மண்ணை நம்பி விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் முளைத்தன, தொழிற்பேட்டை வந்தது, பீங்கான் நுட்பத்தைச் சொல்லிக் கொடுக்க அரசாங்கமே ஒரு கல்விக்கூடம் நடத்துகிறது. கொலுவுக்குப் பிள்ளையார், டீக்கடைக்குக் கோப்பை, ஊறுகாய்க்கு ஜாடி, கார்த்திகைக்கு அகல், மின்சாரப் பெட்டிக்கு ஃப்யூஸ் கட்டை என்று நம் வீடுகளில் இந்த ஊர் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

இந்த ஊரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். முப்பது வருஷமாகப் பட்டறை நடத்துகிறவர். ஒரு காலத்தில் அவருக்குச் சோறு போட்டது ஃப்யூஸ் கட்டை. இப்போது புது வீடுகளில் தானாகவே விழுந்து கரண்டை நிறுத்தும் டிரிப்பர் சுவிட்சு வந்துவிட்டது. டீக்கடையில் காகிதக் கோப்பை. பிள்ளையாருக்கோ வருஷத்தில் இரண்டு மாதம்தான் மவுசு. "சாமியை நம்பிச் சூளை மூட்டலாம் சார், கேஸ் பில் கட்ட முடியாது" என்பார் சிரித்துக்கொண்டே. சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

2025 கத்திரி வெயிலில் ஒரு நாள் அவரிடமிருந்து டெலிபோன் வந்தது. "சார், ஒரு உபகாரம். நீங்கள் வந்து ஒரு கிண்ணம் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார். எதைக் குடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எழுத்தாளனை இப்படிக் கூப்பிட்டால் அவன் போகாமலிருப்பானா?

போனபிறகு விஷயம் தெரிந்தது. அவருடைய பையன் ஜப்பானில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். லீவில் வந்திருந்தான். சென்னையில் ஜப்பானியர் நடத்தும் ஓர் உணவுக்கடையில் அவனுக்குப் பழக்கம். கார்த் தொழிற்சாலைகள் வந்த பிறகு சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஜப்பானியர் பலர் குடியிருக்கிறார்கள் அல்லவா? அந்தக் கடைக்காரர், மாதிரிக்கு ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, "இதைப் போல் முந்நூறு உங்கள் ஊரில் செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். கூடவே பையன் அங்கிருந்து வரும்போது ஒரு புட்டியும் கொண்டுவந்திருந்தான். சாக்கே. அரிசியில் செய்த மது.

கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்கள். வெள்ளை வெளேரென்ற பீங்கான். உள்ளே அடியில் இரண்டு நீல வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. ஜப்பானியர் இதை 'ஜானோமே' என்கிறார்கள். பாம்பின் கண் என்று பொருளாம். அலங்காரத்துக்காக வரைந்ததல்ல. மது காய்ச்சும் பட்டறையில் சோதனை பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் கருவி இது. வெள்ளைப் பரப்பில் பார்த்தால் மதுவின் நிறம் தெரியும். லேசாக மஞ்சளடித்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். நீல வளையத்தின் ஓரத்தைப் பார்த்தால் தெளிவு தெரியும். ஓரம் கூர்மையாக இருந்தால் தெளிந்த சரக்கு, மங்கினால் கலங்கல். ஒரு பொய்யும் சொல்ல முடியாதபடி பாம்பு கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது.

"செய்வது கஷ்டமில்லை சார்" என்றார் சிநேகிதர். "கோபால்ட்டு நீலம் நம்மிடம் இருக்கிறது. சுருக்கத்துக்கு விட்டு அச்சைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும். விளிம்பிலேதான் சங்கடம். மெலிசாக இழைத்தால் ஆயிரத்திருநூறு டிகிரி சூட்டில் கோணிக்கொள்ளும். தடிமனாக விட்டால் டீ கிளாஸ் ஆகிவிடும். உதட்டில் பட்டு உள்ளே போகிறபோது எப்படி இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் புரியும். நான் குடிக்க மாட்டேன். உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன் குடியால் இறந்தவர். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாக்கெட் சாராயம். அதற்கு முன் அவர்களுடைய தாயார் மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டியிருந்தாள். கச்சேரியில் மனுக் கொடுப்பதுபோல் குறையை ஒரு தாளில் எழுதி முருகனிடம் கட்டிவிட்டு வருவது அந்தக் கோயிலின் வழக்கம். மூத்த மகனின் குடி நிற்க வேண்டும் என்று பிராது. குடி நின்றது, அவனோடு. காரியம் முடிந்த பதினாறாம் நாள் என் சிநேகிதர் அதே கோயிலுக்குப் போய், இந்த ஜன்மத்தில் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக் குளிர்ப்பெட்டியில், இட்லி மாவுப் பாத்திரத்துக்கும் தயிருக்கும் நடுவே அந்தப் புட்டி துணி சுற்றி உட்கார்ந்திருந்தது. அவருக்கு என்னிடமிருந்து விளிம்பைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் வேண்டியிருக்கவில்லை. "இந்தக் கிண்ணத்தை நான் செய்யலாமா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். முந்நூறு கிண்ணம் என்பது அவருக்கு மூன்று மாதச் சம்பளப் பட்டுவாடா.

பதில் சொல்வதற்கு முன்னால், உள்ளே இருப்பது என்ன என்று பார்க்க வேண்டாமா? பையன் புட்டியின் சீட்டைப் படித்துச் சொன்னான். சேர்மானம் இரண்டே இரண்டு: அரிசி, கோஜி. தண்ணீரை அவர்கள் எழுதுவதில்லை. அரிசி தீட்டியது போக மீதம் 50 சதவிகிதம். சாராய அளவு 16 சதவிகிதம். கீழே பட்டறையின் பெயர், விலாசம்.

மீதம் 50 சதவிகிதம் என்றால், ஒவ்வொரு அரிசியையும் பாதியாகத் தேயும்வரை தீட்டியிருக்கிறார்கள். அரிசியின் மேற்பகுதியில் கொழுப்பும் புரதமும் அதிகம். அவை மதுவில் முரட்டு ருசியைக் கொண்டுவரும். நடுவே இருக்கும் மாவுதான் வேண்டும். தீட்டிய அரிசியைக் கழுவி, கடிகாரம் பார்த்து ஊறவைத்து, ஆவியில் வேகவைக்கிறார்கள். ஒரு பங்கை வெதுவெதுப்பான அறையில் பரப்பிக் கோஜி என்ற பூஞ்சணத்தைத் தூவி, இரண்டு நாள் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பூஞ்சணம் மாவைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட்டு அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கும். இரண்டும் ஒரே தொட்டியில், ஒரே சமயத்தில் நடக்கிறது. பீரில் இவை அடுத்தடுத்து நடப்பவை. தொட்டியில் அரிசியை ஒரேயடியாகக் கொட்டுவதும் இல்லை. நான்கு நாளில் மூன்று தவணையாகச் சேர்க்கிறார்கள். இரண்டாம் நாள் ஒன்றும் சேர்ப்பதில்லை. ஈஸ்ட்டு பெருகட்டும் என்று விடும் அந்த நாளுக்கு 'நடனம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! பிறகு மூன்று நான்கு வாரம், நல்ல குளிரில், மெதுவாகப் புளிக்கவேண்டும். ஆகையால்தான் இது பழைய நாளிலிருந்து குளிர்காலத்துத் தொழில். புது மது இறங்கியதும் வாசலில் தேவதாரு இலையால் கட்டிய பச்சை உருண்டையைத் தொங்கவிடுவார்கள். உருண்டை பழுப்பாக ஆக, உள்ளே மது பக்குவப்படுகிறது என்று தெருவில் போகிறவனுக்குத் தெரியும்.

எல்லாச் சாக்கேயும் இப்படி நோன்பிருந்து செய்ததல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின் பின் அரிசித் தட்டுப்பாட்டில், வெளிச் சாராயமும் குளுக்கோசும் கலந்து ஒன்றை மூன்றாக்கினார்கள். வழக்கம் பஞ்சத்தோடு போகவில்லை. பல காலம் நீடித்தது. 1970-களில் உச்சத்தில் இருந்த சாக்கே விற்பனை பிறகு சரிந்துகொண்டே வந்தது. அந்தச் சரிவில்தான் சிறிய பட்டறைகள் சில, அரிசியும் கோஜியும் தண்ணீரும் போதும் என்று பழைய வழிக்குத் திரும்பின. புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கோ அந்த நாட்டில் உள்ளூர் விற்பனைக்கு லைசென்சு கிடைப்பது குதிரைக்கொம்பு. 2021-ல் ஏற்றுமதிக்கு மட்டும் என்று ஒரு கதவைத் திறந்தார்கள். சிலர் தொட்டியில் பழத்தையோ வேறு எதையோ சேர்த்து, சட்டத்தின் கண்ணில் இது வேறு மது என்று காட்டிக் காய்ச்சுகிறார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் காய்ச்சும் கலையை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

இனி என் பரீட்சை. பையன் புட்டியைத் திறந்து முதலில் விருத்தாசலத்து டீக் கோப்பையில் ஊற்றினான், அப்பாவின் உத்தரவு. பிறகு பாம்புக் கண் கிண்ணத்தில். தண்ணீர் போலத்தான் இருந்தது. நீல வளையம் ஊசி முனையாகத் தெரிந்தது. முகர்ந்தேன். சாராயக் கடைப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் தலைமுறை என்னுடையது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில் ராஜதானி பூராவும் மதுவிலக்கு. வைத்தியர் சீட்டின் பேரில் பெர்மிட் வாங்கியவரைத் தெருவே வேடிக்கை பார்க்கும். அந்த மூக்குக்கு இப்போது எட்டியது கனிந்த முலாம்பழத்தின் வாசனை. அதற்கு அடியில், வடித்த கஞ்சி ஆறும்போது எழும் ஒரு வீட்டு வாசனை.

ஒரு வாய் குடித்தேன். தொண்டையில் எரியவில்லை. நாக்கின் நுனியில் மெல்லிய இனிப்பு. அது போகிறபோது சிறு புளிப்பு. எல்லாம் போன பிறகு, பச்சரிசியை மென்றால் கடைசியில் பால் வருமே, அந்த ருசி. சத்தம் போடாமல் வந்து, விடைபெறாமல் போகாத ஒரு மனிதரைப் போல இருந்தது. டீக் கோப்பையில் அதே மது தடித்துப் போயிற்று. விளிம்பு உதட்டை விலக்கிவிட, திரவம் நாக்கின் நடுவில் தொப்பென்று விழுந்தது. மெல்லிய விளிம்பிலோ வழுக்கிக்கொண்டு நுனியில் இறங்கியது. சிநேகிதர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். "ரெண்டு மில்லி... உள் பக்கம் சாய்வு..." சாக்கேயை ஒரு சொட்டும் தொடாமல் அதன் உடற்கூற்றை அவர் என்னைவிட நன்றாகத் தெரிந்துகொண்டார்.

அப்போதுதான் அவருடைய தாயார் உள்ளே வந்தாள். எண்பதைத் தாண்டியவள். சிநேகிதர் எழுந்து நின்றுவிட்டார். புட்டியை மறைக்க வழியில்லை. கிழவி கிண்ணத்தை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"என்னாப்பா இது, ஊற வெச்ச அரிசி வாசன அடிக்குது?"

பேரன் சொன்னான். ஒளிக்காமல் சொன்னான்.

அவள் கோபிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் புட்டியைப் பார்த்தாள். "இந்த எழுத்தெல்லாம் என்னா?"

"அரிசி எவ்வளவு, எந்த ஊர், யார் காய்ச்சினது... எல்லாம் எழுதியிருக்கு அப்பாயி."

"காச்சினவன் பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

கிழவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரு போட்டிருந்தா வூடு தேடிப் போயி கேக்கலாம். எம்புள்ள குடிச்ச பாக்கெட்டுல பேரே இல்லியே சாமி, நான் யாரப் போயி கேப்பேன்?" என்றாள்.

அந்த அறையில் யாரும் பதில் சொல்லவில்லை. என்னாலும் சொல்ல முடியவில்லை.

அரிசி மது நமக்குப் புதிதா என்றால் இல்லை. பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய உருத்திரங்கண்ணனார் அதன் செய்முறையையே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகச் சமைத்து, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைகட்டிய தானியத்தின் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் ஜாடியில் விளைய வைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். அவர்கள் அரிசியைப் பாதியாகத் தீட்டுகிறார்கள். நாம் தீட்டாமலே போட்டோம். அவர்களுக்குப் பூஞ்சணம், நமக்கு முளை. அந்த முளை மாவைப் புலவர் பாம்பு குடியிருக்கும் புற்றின் உட்கூட்டுக்கு ஒப்பிடுகிறார். பாம்பு அங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்! வீட்டில் ஆக்கிய கள்ளுக்குத் 'தோப்பி' என்று தனிப் பெயரே இருந்தது. அதன் ஏழைப் பேத்தி போல, சோற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சுண்டக்கஞ்சி புதுச்சேரிப் பக்கம் நெடுநாள் பிழைத்திருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு ஆரம்பமாகி, 1948-ல் ராஜதானி முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்தது. இடையில் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. 2003-லிருந்து மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசாங்கக் கடையில். ஜப்பானிலும் 1899-ல் வீட்டில் காய்ச்சுவதைத் தடுத்தார்கள்; ஒழுக்கத்தைவிட மதுவரி அங்கே பெரிய காரணம். யுத்தம் முடிந்த புதிதில் அங்கேயும் தொழிற்சாலை எரிசாராயத்தைக் குடித்துப் பலர் கண்ணை இழந்தார்கள், உயிரை இழந்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பாகுடான்', அதாவது வெடிகுண்டு. ஆகையால் அவர்கள் தேவர்கள், நாம் அசுரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் விருத்தாசலத்திலிருந்து கள்ளக்குறிச்சி எவ்வளவு தூரம்? நடுவில் உளுந்தூர்ப்பேட்டை, அவ்வளவுதான். 2024 ஜூன் மாதம் அங்கே மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் மே மாதம் மரக்காணம் பக்கத்தில் இதே கதை. மெத்தனால் நிறமற்றது, தண்ணீர் போலத் தெளிந்தது. வாசனையிலும் ருசியிலும் மற்றச் சாராயத்திலிருந்து அதைக் குடிகாரனால் பிரித்தறிய முடியாது. உடம்புக்குள் போன பிறகுதான் அது விஷமாக மாறிக் கண் நரம்பைப் பிடிக்கிறது. கிண்ணத்தின் அடியில் இருக்கும் இரண்டு நீல வளையங்களுக்கு நிறம் தெரியும், கலங்கல் தெரியும், இது தெரியாது. பாம்பின் கண்ணையும் ஏமாற்றக்கூடிய ஒன்று உலகத்தில் உண்டு.

அதனால்தான் அந்தத் தாய் கேட்ட கேள்வியை நான் பெரிதாக நினைக்கிறேன். சோதனைக் கிண்ணம் காட்டாததைக் காட்ட ஒன்றுதான் இருக்கிறது. காய்ச்சியவன் தன் பெயரை எழுதி, விலாசத்தை எழுதி, 'நான்தான் செய்தேன், வந்து கேள்' என்று நிற்பது. யுனெஸ்கோ எதைப் பதிவு செய்ததோ, எனக்குத் தெரிந்தமட்டில் அந்தப் புட்டியின் ருசியில் பாதி இதுதான். பெயரில்லாத சரக்கை விற்கிறவனுக்கு ருசியைப் பற்றி என்ன கவலை? குடிக்கிறவனைப் பற்றித்தான் என்ன கவலை? குடிக்கலாமா கூடாதா என்பது நெடுங்காலத்து வழக்கு. ஒரு கட்டுரையில் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. பெயரில்லாமல் விற்கலாமா என்பதற்கு மட்டும் எந்தக் கோர்ட்டும் வேண்டாம்.

சிநேகிதர் தம் கேள்வியை என்னிடம் மூன்றாவது தடவை கேட்கவில்லை. தாயாரிடம் கேட்டார். அவள் கதவருகே போனவள் திரும்பி, "செய்யி. ஒம்பேரப் போட்டுச் செய்யி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதுவரை அவருடைய பட்டறையிலிருந்து போன பிள்ளையாருக்கும் ஜாடிக்கும் கோப்பைக்கும் பெயர் கிடையாது. மொத்த வியாபாரி வைக்கோலில் அடுக்கிக்கொண்டு போவார்; எந்த ஊர்ச் சரக்கு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. இந்த முந்நூறு கிண்ணத்துக்கு அவர் ஒரு சிறிய முத்திரை வெட்டினார். ஈரம் காய்வதற்குள் ஒவ்வொன்றின் அடியிலும் தம் பெயரையும் 'விருத்தாசலம்' என்பதையும் தமிழில் அழுத்தினார். முதல் சூளையில் நாற்பதுக்கு மேல் கோணிக்கொண்டன. கோணியவற்றை உடைத்தார். பெயர் போட்ட பிறகு கோணலை அனுப்ப மனம் வரவில்லை என்றார். மூன்றாவது சூளையில் விளிம்பு நின்றது.

மண்பாண்டத்தில் பெயர் எழுதுவது நமக்கு மறந்துபோன பழக்கமே தவிர, தெரியாத பழக்கமல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டிலும், கொடுமணலிலும், கீழடியிலும் கிடைத்த ஓடுகளில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கின்றன. அரசர்களின் பெயரல்ல, அந்தப் பானையை வைத்திருந்த ஆதனும் சாத்தனும் போன்ற சாமானியர்களின் பெயர். பானை உடைந்து, அதில் இருந்த கஞ்சியோ கள்ளோ வற்றி, குடித்தவர்களும் போய்விட்டார்கள். பெயர் மட்டும் மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்தது, யாராவது வந்து கேட்டால் சொல்வதற்காக.